வாசித்தேன், சரி என்று நான் போட்ட கையெழுத்து

மார்ச் 5, ஞாயிறு

இந்தக் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் படிக்கப்போவதில்லை. ஆனாலும் எழுத்துகள் ஒன்று குள்ளமாகவும் ஒன்று நெட்டையாகவும், ஆற்றுக்குப் போகும் வாத்துகள் மாதிரி கோட்டை விட்டு இறங்கி நடக்கின்றன. பார்த்தால் யாரிடமாவது மன்னிப்புக் கேட்கத்தான் தோன்றுகிறது. இவ்வளவு எழுத முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

என் பெயர் ஸ்பிரிதோன். வயது எழுபது. போன நவம்பர் வரைக்கும் எனக்கு எழுதவும் படிக்கவும் தெரியாது.

எழுதிவிட்டேன். இதை எந்த மனிதரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை, இரண்டே பேரைத் தவிர. ஒருத்தி என் மனைவி வெதூரியா. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. இன்னொருத்தி எதிர்வீட்டு ஸம்பிரா. முப்பது வருஷம் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவந்தவள், இப்போது ஓய்வில் இருக்கிறாள். அவள்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். வெளியே சொல்லமாட்டேன் என்று சிலுவை போட்டுச் சத்தியம் செய்திருக்கிறாள்.

"தினமும் எழுதுங்க அண்ணே. ஒரு வரி போதும். உங்க கைக்கு வெட்கம் போகணும்" என்றாள். அதனால் இந்த நோட்டு.

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். மாவுப் பொட்டலத்தைப் படிக்கிறேன். பேருந்தின் நெற்றியைப் படிக்கிறேன். நேற்று கல்லறைக்குப் போய் வெதூரியாவின் பெயரைப் படித்தேன். பிறந்த வருஷத்தைக் கல் செதுக்குகிறவன் தப்பாகப் போட்டிருக்கிறான். நாலு வருஷமாக அது அப்படியே நிற்கிறது. நான் ஞாயிறுதோறும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு அதன் எதிரிலேயே நின்றிருக்கிறேன்.

மார்ச் 8

பெண்கள் தினம். வாழ்த்து அட்டையில் நானே எழுதி ஸம்பிராவிடம் கொடுத்தேன். காது சிவக்கப் படித்தாள். பிறகு பென்சில் எடுத்து மூன்று பிழை திருத்தித் திருப்பித் தந்தாள்.

மார்ச் 14, செவ்வாய்

பதிவுத் தபால்! என் பெயருக்கு! உறையின் மேல் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். வாழ்க்கையில் நானே பிரித்து நானே படிக்கப்போகும் முதல் கடிதம். சட்டை மாற்றிக்கொண்டு, ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஸம்பிராவைக் கூப்பிடவில்லை. எனக்கே வேண்டும் என்று ஆசை.

மேல் தாள் சிறியது. 'சாட்சி' என்ற சொல்லைப் படித்தேன். மே 24, தலைநகரம். 'நீதிபதி ஒலிம்பியா அவர்கள்மேல் ஒழுங்கு விசாரணை.'

அடியில் இரண்டு தாள் ஊசி குத்தி வைத்திருக்கிறது. அதன் கடைசியில் இருக்கும் கையெழுத்து எனக்குப் படிக்காமலே தெரியும். என்னுடையது.

மார்ச் 18

அந்த இரண்டு தாளைப் படிக்க நாலு நாள் ஆயிற்று. இன்று முடித்தேன்.

விஷயத்தை வரிசையாக எழுதிவைக்கிறேன். எழுதினால்தான் நானே ஒப்புக்கொள்வேன்.

முப்பத்தொரு வருஷம் எங்கள் ஊர் நீதிமன்றத்தில் டவாலி. காலையில் கதவில் ஒட்டும் வழக்குப் பட்டியலைப் பார்த்து, நடையில் நின்று கட்சிக்காரர்கள் பெயரை உரக்கக் கூப்பிடுவதுதான் என் வேலை. படிக்கத் தெரியாதவன் அந்த வேலையில் எப்படி இருந்தேன்? வெதூரியா அங்கேயே கூட்டித் துடைக்கிற வேலையில் இருந்தாள். விடிந்ததும் பட்டியலை எனக்கு ஒருமுறை வாசிப்பாள். ஒருமுறை கேட்டால் போதும். முப்பது பெயர், நாற்பது பெயர், எண்ணோடு மனதில் நிற்கும். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. பட்டியல் எதிரில் நின்று விரலை ஓட்டுவேன், தாளில் எத்தனையாவது வரி என்று எண்ணிக்கொண்டு. யாராவது ஏதாவது நீட்டினால், "கண்ணாடி வீட்டுல இருக்கு."

வெதூரியா போன மறுவாரம் வேலைக்குப் போனேன். பட்டியல் எதிரில் நின்றேன். என்னை நம்பி நடை நிறைய ஜனங்கள். வாய் வரவில்லை. அப்போது ஒலிம்பியா அம்மா தன் அறைக் கதவைத் திறந்து, "ஸ்பிரிதோன் அண்ணா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்றார். கதவைச் சாத்தினார். "இன்னிக்கு யார் யார் வர்றாங்கன்னு நான் ஒரு தடவை சத்தமா படிச்சுப் பாக்கறேன். எனக்கு அப்பதான் மனசுல நிக்கும். நீங்க சும்மா நில்லுங்க" என்றார்.

அன்று முதல் மூன்றரை வருஷம், தினமும் காலையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஒருநாளும் 'உங்களுக்குப் படிக்கத் தெரியாதா' என்று கேட்டதில்லை. தனக்காகப் படிப்பதுபோலவே படித்தார்.

போன அக்டோபரில், தலைநகரில் நீதிபதிகளை விசாரிக்கும் அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"தினமும் காலையில் பத்து நிமிஷம் நீதிபதி அறையில கதவைச் சாத்திக்கிட்டு நீங்க என்ன செய்யறீங்க?"

பட்டியல் படிப்பார் ஐயா, எனக்குப் படிக்கத் தெரியாது. இதுதானே சொல்ல வேண்டியது? ஒரு மூச்சு. அது வரவில்லை.

"சும்மா பேசுவோம்" என்றேன்.

"எதைப் பத்தி?"

"அன்னன்னைக்கு வர்ற வழக்கைப் பத்தி."

"லக்சம்பர்க் நீதிமன்றத்துக்குக் கேள்வி அனுப்பினதைப் பத்தியும் பேசினாரா?"

"சொன்னாங்க."

ஒருவர் தட்டச்சு செய்து நீட்டினார். "படிச்சுப் பாருங்க, சரியா இருந்தா கையெழுத்துப் போடுங்க." எனக்குத் தாளைப் படிக்கிற மாதிரி பிடிக்க நன்றாகத் தெரியும். கண்ணை இடமிருந்து வலம் ஓட்டினேன். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்திப் புருவத்தைச் சுருக்கினேன். விரலை ஈரப்படுத்தி அடுத்த தாளைத் திருப்பினேன். ஒரு மனிதன் படித்து முடிக்க ஆகும் நேரத்தைச் சரியாக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அதில் இருப்பது இது. பார்த்து அப்படியே எழுதுகிறேன்:

'நீதிபதி ஒவ்வொரு நாளும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைய வழக்குகளையும் அவற்றில் தாம் சொல்லப்போகும் முடிவையும் பற்றி என்னிடம் பேசுவது வழக்கம். நம் நாட்டுப் பெரிய நீதிமன்றம் சொல்வதைத் தாம் கேட்கப்போவதில்லை என்றும், வெளியார் சொல்வதே தமக்குச் சட்டம் என்றும் கூறினார். மேற்கண்டதை நானே வாசித்தேன். சரியாக இருக்கிறது.'

நானே வாசித்தேனாம்.

ஜனவரியில் அவரை வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள். நான் அதற்கு முன்பே, டிசம்பரில், பூங்கொத்து வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றேன். அவர்தான் கொடுத்தார் பூங்கொத்தை.

மார்ச் 19

தேவாலயத்துக்குப் போகவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

நிக்கிபோர் வந்தான். ரயில்வேயில் இருந்தவன், என்னோடு பட்டாளத்தில் இருந்தவன். பிளம் சாராயம் ஊற்றினேன். தொலைக்காட்சியில் எங்கள் ஊர் நீதிபதி விஷயம் வந்தது.

"டேய் ஸ்பிரு, என்னதான் இருந்தாலும் நம்ம வீட்டுச் சண்டைக்கு வெளியூர்க்காரன் எதுக்குடா? நமக்கு ருமேனியாவுல நீதிமன்றம் இல்லையா? முதல்ல துருக்கிக்காரன் சொன்னான், அப்புறம் மாஸ்கோ சொல்லிச்சு, இப்ப லக்சம்பர்க். நாம எப்பதான் நம்ம இஷ்டத்துக்கு இருக்கிறது?"

அவன் சொல்வதில் எனக்கும் பாதி சம்மதம்தான். நானே இதை ஒலிம்பியா அம்மாவிடம் ஒரு காலையில் கேட்டிருக்கிறேன். ஒரு நீதிபதிமேல் தான் கொடுத்த புகாரைத் தள்ளிவிட்டார்கள் என்று, மர லாரி ஓட்டும் ஒருவர் போட்ட வழக்கு அது. நீதிபதிகளை விசாரிக்க ஒரு அலுவலகம் வைத்தார்கள், அதற்குத் தலைவரை அமைச்சர் ஒருவரே நியமிக்கிறார், அது சரியா என்று அந்த வழக்கில் ஒரு சிக்கல் வந்தது. பெரிய நீதிமன்றம், சரிதான், ஊர் நீதிபதிகள் இதைக் கிளற வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஒலிம்பியா அம்மா, நம் நாடும் சேர்ந்திருக்கும் நாடுகள் ஒன்றியத்தின் சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று, லக்சம்பர்க்கில் இருக்கும் அந்த ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்டார்.

"நம்ம வழக்கை ஏம்மா அன்னியர்கிட்ட கொடுக்கறீங்க?" என்றேன் நான்.

"வழக்கைக் கொடுக்கலை அண்ணா, கேள்வியைத்தான் அனுப்பினேன். அந்தச் சட்டத்துல நம்ம நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு. அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கறேன். விடை அங்கேருந்து வரும். தீர்ப்பு இங்கதான், இந்த மேஜையிலதான்" என்றார். பிறகு சிரித்து, "என்னைத் தண்டிக்கிற கம்பு ஒரு அமைச்சர் கையில இருந்தா, அவருக்குப் பிடிக்காத தீர்ப்பை நான் எழுதுவேனா, சொல்லுங்க" என்றார்.

இதுதான் அவர் சொன்னது. தாளில் இருப்பது வேறு. நான் இதை நிக்கிபோரிடம் சொல்லவில்லை. சொன்னால், 'தாளா, என்ன தாள்?' என்று கேட்பான். இன்னொரு கோப்பை ஊற்றினேன்.

ஏப்ரல் 2

ஸம்பிரா பாடம் எடுக்க வந்தாள். தலைவலி என்றேன்.

ஏப்ரல் 9

தலைவலி என்றேன்.

ஏப்ரல் 17, ஈஸ்டருக்கு மறுநாள்

ஸம்பிரா சிவப்பு முட்டையும் இனிப்பு ரொட்டியும் கொண்டுவந்தாள். முட்டையோடு முட்டை முட்டினோம். என்னுடையது உடைந்தது. "ரெண்டு வாரமா என்ன தலைவலி? உண்மையைச் சொல்லுங்க. பாடம் கசக்குதா, வாத்தியாரம்மா கசக்கறாளா?" என்றாள்.

தாளை எடுத்து அவள் முன் வைத்தேன். என் வாயால் சொல்ல முடியவில்லை, அவளே படிக்கட்டும் என்று.

படித்தாள். தாளை மடித்து என் பக்கம் தள்ளினாள். "இதுல போறது ஒரு பொம்பளையோட உத்தியோகம் அண்ணே. அவங்க நல்ல பேரு" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சு?"

"அங்க போய் எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னா ஊர் என்ன சொல்லும்? முப்பத்தொரு வருஷம் ஊரையே ஏமாத்தினவன்னு சொல்லும். நான் கூப்பிட்ட பேரெல்லாம் பொய்யாகிடும்."

"கூப்பிட்டவங்க எல்லாம் உள்ள போனாங்கல்ல? அப்புறம் எது பொய்?"

அவள் முட்டை ஓட்டைக் கையில் கூட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, "நான் சத்தியம் பண்ணியிருக்கேன், சொல்லமாட்டேன். ஆனா அந்தச் சத்தியத்தை என்கிட்ட வாங்கினதுக்கு நீங்க வெட்கப்படணும்" என்றாள்.

ஏப்ரல் 27, வியாழன்

லக்சம்பர்க்கிலிருந்து விடை வந்துவிட்டது! ஒன்றியத்தின் இருபத்துநாலு மொழியிலும் போடுகிறார்களாம், ருமேனிய மொழியிலும். நூலகத்துப் பெண் எனக்கு அச்சடித்துத் தந்தாள். "இது உங்களுக்கு எதுக்குத் தாத்தா?" என்றாள். "படிக்க" என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது இத்தனை நடுவிலும் நெஞ்சு ஒரு சாண் நிமிர்ந்தது. அதற்காகவும் வெட்கமாக இருக்கிறது.

மே 6

கடைசிப் பகுதியை மட்டும், தினம் இரண்டு பத்தி. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறார்கள், அது எனக்கு வசதி. ஐம்பத்தெட்டாம் எண்ணுக்கு ஒன்றரை நாள். ஒரே வாக்கியம், சரக்கு ரயில் மாதிரி. புரிந்த அளவுக்கு என் சொல்லில்:

நீதிமன்றங்களை எப்படி அமைப்பது என்பது அந்தந்த நாட்டின் காரியம், அதில் நாங்கள் கை வைக்கமாட்டோம். ஆனால் எப்படி அமைத்தாலும் நீதிபதி யாருக்கும் பயப்படாமல் இருக்கும்படி அமைக்க வேண்டும், அது நீங்களே ஒப்புக்கொண்டது. எங்களிடம் கேள்வி கேட்டார் என்பதற்காக எந்த நீதிபதியையும் தண்டிக்கக் கூடாது.

நிக்கிபோரிடம் படித்துக் காட்டினேன். படித்துக் காட்டினேன்! அவன், "கண்ணாடி எங்கடா?" என்றான். "வேண்டியதில்லை" என்றேன். அவனுக்கு லக்சம்பர்க் விடையை விட அதுதான் ஆச்சரியம்.

அம்மா தப்பித்துவிட்டார். இனி நான் போனால் என்ன, போகாவிட்டால் என்ன. தெருவில் நடக்கும்போது சீட்டியடித்தேன்.

மே 9, செவ்வாய்

ஒலிம்பியா அம்மாவின் வக்கீல் தொலைபேசியில் கூப்பிட்டாள். சின்ன வயசுக்காரி, படபடவென்று பேசுகிறாள்.

"ஐயா, கேள்வி அனுப்பின குற்றச்சாட்டை அவங்களே எடுத்துடுவாங்க. லக்சம்பர்க் அப்படிச் சொல்லிடுச்சு. ஆனா ரெண்டாவது ஒண்ணு இருக்கு. வழக்கு முடிவை டவாலிகிட்ட முன்கூட்டியே சொன்னார்னு. அது சாதாரண நடத்தை விஷயம். எந்த நாட்டுல நீதிபதி அப்படிப் பண்ணாலும் அந்த நாடே தண்டிக்கலாம். லக்சம்பர்க் அதுல தலையிடாது. தலையிடவும் கூடாது. அந்த ஒண்ணுக்கே அவங்க வேலை போயிடும்."

"அதுக்கு என்ன சாட்சி இருக்கு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேன், என்ன வாய் இது.

"நீங்கதான் ஐயா. வேற ஒண்ணும் இல்ல."

அவ்வளவு பெரிய நீதிமன்றம். எத்தனை நாட்டு நீதிபதிகள். அவர்களால் எட்ட முடியாத ஒரே இடம் நான் கையெழுத்துப் போட்ட இடம்.

மே 21

ஸம்பிரா வீட்டுக் கதவைத் தட்டினேன். "புதன்கிழமை தலைநகருக்குப் போறேன். நீயும் வா" என்றேன். "வேடிக்கை பார்க்கவா?" என்றாள். "தைரியத்துக்கு" என்றேன். ஒன்றும் சொல்லாமல் ரயில் அட்டவணையை எடுத்து என் கையில் கொடுத்து, "படிங்க" என்றாள். படித்தேன். ஐந்து நாற்பது.

மே 25, வியாழன்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

மூன்று பேர் மேடையில். நடுவில் இருந்த தலைவருக்கு என் வயதிருக்கும், காதில் கருவி. ஒலிம்பியா அம்மா ஒரு ஓரத்தில், வக்கீல் பக்கத்தில். இளைத்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார், காலையில் நான் அறைக்குள் போனால் அசைப்பாரே, அப்படி.

சாட்சிக் கூண்டில் உறுதிமொழி அட்டை ஒன்று வைத்திருந்தது. எழுத்தர், "நான் சொல்லச் சொல்ல நீங்க திருப்பிச் சொல்லுங்க" என்றாள். எனக்கு என்ன பிசாசு பிடித்ததோ! முப்பத்தொரு வருஷம் எத்தனை பேர் அந்த அட்டையைப் பிடித்துப் படிப்பதைப் பொறாமையோடு பார்த்திருக்கிறேன். "வேண்டாம்மா, எனக்குப் படிக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, அட்டையை எடுத்து, திக்காமல், உரக்க, நடையில் பெயர் கூப்பிடும் குரலில் படித்தேன்.

அட்டையைக் கீழே வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

சொல்லவேண்டியதைச் சொன்னேன். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது ஐயா, நீதிபதியம்மா பட்டியலைத்தான் வாசித்தார்கள், முடிவு எதுவும் சொன்னதில்லை, தாளில் இருப்பது எனக்குத் தெரியாது. குற்றம் சாட்டும் தரப்பு அதிகாரி எழுந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "படிக்கத் தெரியாத சாட்சி இப்பதான் எங்க எழுத்தரை விட நல்லாப் படிச்சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒலிம்பியா அம்மா சிரிக்கவில்லை, மேஜையைப் பார்த்தார்.

"நவம்பருக்கு அப்புறம்தான் கத்துக்கிட்டேன்."

"எழுபது வயசுல? ஆறு மாசத்துல?" என்றார் அவர். "அதுக்கு முன்னாடி உங்களுக்குப் படிக்கத் தெரியாதுங்கறதுக்கு யாராவது இருக்காங்களா? உங்ககூட வேலை பார்த்தவங்க? நீதிபதியைத் தவிர?"

யாரும் இல்லை. அவ்வளவு நன்றாக மறைத்திருக்கிறேன். அதில்தான் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது!

தலைவர் பேனாவை மூடப்போனார். "வெளியே நடையில ஒருத்தங்க உக்காந்திருக்காங்க" என்றேன். "எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க."

ஸம்பிரா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். தலைவர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். சத்தியம். அத்தனை பேர் நடுவில் நான், "சொல்லு ஸம்பிரா. எல்லாத்தையும் சொல்லு" என்றேன்.

"ஐயா, நவம்பர்ல இவருக்குப் பென்சில் பிடிக்கத் தெரியாது. மண்வெட்டி மாதிரி பிடிச்சார். ஆனா நீங்க கேட்கறது அதுக்கு முன்னாடி. முப்பது வருஷம் இவர் வீட்டுக்கு நான்தான் தபால் கொண்டுபோனேன். பதிவுத் தபால் வந்தா, எங்க கையெழுத்துப் போடணும்னு விரலால காட்டுவேன். காட்டலேன்னா மேல் மூலையில போட்டுடுவார். ஒரு தடவை வரி அலுவலகத்துக் கடிதத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, 'ஓ, அப்படியா'ன்னார். நான் 'ஆமா அண்ணே'ன்னுட்டு வந்துட்டேன்."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை தலைவரும் சிரித்தார்.

"முப்பது வருஷமாத் தெரியுமா? ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"அது எதுக்குங்க? எங்க தெருவுல பாதிப் பேருக்குத் தெரியும். அவர் யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தார். இருந்துட்டுப் போகட்டும்னு விட்டோம்."

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பாதித் தெருவுக்குத் தெரியும். நிக்கிபோருக்குத் தெரியுமா? 'கண்ணாடி எங்கடா' என்றானே! இல்லாத ஒரு மானத்தைக் காப்பாற்ற அந்த அம்மாவின் வேலையைப் பணயம் வைத்தேனா?

வெளியே நடையில் ஒலிம்பியா அம்மா எதிரில் வந்தார். "அம்மா, நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். கோபமாக இல்லை, களைப்பாக.

"இப்ப வேண்டாம் அண்ணா. நின்னுக்கிட்டுச் சொல்ற விஷயம் இல்ல இது. எழுதி அனுப்புங்க. நான் படிக்கறேன்."

ரயிலில் நாலு மணி நேரம் ஸம்பிரா என் எதிரில் உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போது என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

ஜூன் 3

நிக்கிபோருக்கும் தெரியுமாம். பட்டாளத்திலேயே.

ஜூன் 25, ஞாயிறு

வியாழக்கிழமை நீதிமன்றப் பக்கம் போனேன். கதவில் பட்டியல் ஒட்டியிருந்தது. மேலே மறுபடி 'நீதிபதி ஒலிம்பியா' என்று இருந்தது. பதினோராவது வரியில் அந்த லாரிக்காரர் வழக்கு. உள்ளே போகத் தைரியம் இல்லை, எதிரிலுள்ள ரொட்டிக் கடையில் நின்றேன். மதியம் லாரிக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். தோற்றுவிட்டார்.

நிக்கிபோருக்குப் பொறுக்கவில்லை. "லக்சம்பர்க் வரைக்கும் போய்ட்டு வந்து தோத்தானா? அப்ப எதுக்குடா அத்தனை கூத்து?" என்றான். "அவங்க விடை சொன்னாங்க. தீர்ப்பு அந்த மேஜையில எழுதினது. அம்மாவுக்கு எது சரின்னு பட்டுதோ அது" என்றேன். அவன், "அதுவும் சரிதான்" என்றான். இவ்வளவு சீக்கிரம் அவன் ஒப்புக்கொண்டது பட்டாளத்துக்குப் பிறகு இதுதான்.

கடிதம் எழுதுகிறேன். நாலு ஞாயிறாக. முதலில் எழுதியதில் 'பயம்' என்று போட்டிருந்தேன். அது பொய், அடித்துவிட்டேன். பயம் இல்லை. வெட்கம். ஸம்பிரா எட்டிப்பார்த்து, "காட்டுங்க, பிழை இருக்கும்" என்றாள். "இருக்கட்டும்" என்று கையால் மூடிக்கொண்டேன்.

அரைப் பக்கம் ஆகியிருக்கிறது. பட்டியல், கதவு, அவர் தனக்காகப் படிப்பதுபோலப் படித்தது எல்லாம் எழுதிவிட்டேன். இன்று அந்த அதிகாரி தாளை என் கையில் நீட்டுகிற இடம்வரை வந்தேன். அதற்குமேல் விரல் நகரவில்லை. அந்த இடத்தில் பேனாவை வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு அங்கிருந்து எழுதுவேன்.